வாஸ்ம்-பேக்: பிரவுசருக்குத் தயங்காமல் எடுக்கலாம், சர்வருக்கு யோசித்து எடுங்கள்

இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கிறது, அந்த வரிக்குள் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன லைப்ரரியை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதி வைத்திருந்தேன். கமாண்ட் லைனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் பயன்படுத்துகிறவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள்: இதை ஒரு வலைப்பக்கமாகக் கொடுக்க முடியுமா, ஆனால் எங்கள் ஆவணம் எங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. நியாயமான கேள்வி. அதே சமயம் இரவில் நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) சர்வரில் ஓடும் ஒரு வேலைக்கும் இதே ஒப்பீடு தேவைப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னொரு முறை எழுதினால், ஒரே இரண்டு ஆவணங்களுக்கு இரண்டு இடத்திலும் ஒரே விடைதான் வரும் என்று யாரால் சொல்ல முடியும்? ரஸ்ட் கோடை வாஸ்ம், அதாவது பிரவுசரும் நோடும் ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி என்ற வடிவத்துக்கு மாற்றிப் பேக்கேஜாகக் கட்டித் தரும் வாஸ்ம்-பேக் என்ற கருவியின் பக்கம் அப்படித்தான் வந்தேன். ஒன்றரை ஆண்டாக வாரம் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஸ்ட் லைப்ரரியைப் பிரவுசருக்கான என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) பேக்கேஜாக மாற்ற வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள், இதைவிடச் சுலபமான வழி நான் பார்த்ததில்லை. சர்வருக்கு என்றால் எந்த மாதிரி சர்வர் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். எந்தப் பக்கம் போனாலும், இந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து புரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் ஓட்டினால் ஏதாவது ஒரு வெர்ஷன் மாறும் நாளில் வழி தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

உள்ளே நடப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மூன்று படிதான். முதலில் ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவைக் கூப்பிட்டு, வாஸ்ம்32-அன்நோன்-அன்நோன் என்ற டார்கெட்டுக்கு உங்கள் கிரேட்டை, அதாவது ரஸ்ட் பேக்கேஜை, கம்பைல் செய்கிறது. அந்த டார்கெட் உங்கள் கணினியில் இல்லையென்றால் ரஸ்ட்டை நிறுவும் கருவியான ரஸ்டப் மூலம் தானே சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவதாக, கிடைத்த வாஸ்ம் கோப்பின் மேல் வாஸ்ம்-பைண்ட்ஜென் என்ற இன்னொரு கருவியை ஓட்டி, ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து கூப்பிடுவதற்கான இணைப்புக் கோடையும் டைப்ஸ்கிரிப்ட் வகைக் கோப்பையும் உருவாக்குகிறது. மூன்றாவதாக, ரிலீஸ் பில்டாக இருந்தால் பைனரியன் தொகுப்பில் உள்ள வாஸ்ம்-ஆப்ட்டை ஓட்டிக் கோப்பைச் சுருக்குகிறது. கடைசியில் ஒரு பேக்கேஜ் ஜேசான் கோப்பையும் எழுதி, எல்லாவற்றையும் பிகேஜி என்ற ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. அவ்வளவுதான். இந்த மூன்றையும் கையாலேயே செய்யலாம், ஆனால் வாஸ்ம்-பைண்ட்ஜென் வெர்ஷனைச் சரியாகப் பொருத்துவது கைவேலையில் பெரிய தொல்லை. லைப்ரரிகளின் வெர்ஷன்களைக் குறித்து வைக்கும் கார்கோ லாக் கோப்பில் இருக்கும் வாஸ்ம்-பைண்ட்ஜென் லைப்ரரியின் வெர்ஷனும், கமாண்ட் லைன் கருவியின் வெர்ஷனும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஸ்கீமா வெர்ஷன் பொருந்தவில்லை என்று ஒரு நீளமான பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். வாஸ்ம்-பேக் அந்த லாக் கோப்பைப் படித்து, அதற்குரிய வெர்ஷனைத் தானே தேடி இறக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தக் கருவியின் மேல் மரியாதை வந்தது இந்த ஒரு காரியத்தால்தான்.

முதல் நாள் அனுபவம் உண்மையிலேயே இனிமையாக இருந்தது. திட்டத்தின் அமைப்புகளை எழுதும் கார்கோ டோமல் கோப்பில் கிரேட்-டைப் என்பதை சிடைலிப் என்று போட மறந்திருந்தேன். குழப்பமான லிங்கர் பிழை ஏதாவது வரும் என்று நினைத்தால், இன்ன வரியை இன்ன இடத்தில் சேர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சேர்த்தேன், ஓடியது. ரஸ்ட்டில் ஃபங்ஷனுக்கு மேலே மூன்று சாய்கோடு போட்டு எழுதியிருந்த விளக்கங்கள் அப்படியே டைப்ஸ்கிரிப்ட் கோப்பில் வந்து உட்கார்ந்திருந்தன. முன்பக்க வேலை பார்க்கும் நண்பர் எடிட்டரில் ஃபங்ஷன் பெயரின் மேல் மவுஸை வைத்தால் என் விளக்கம் தெரிகிறது. அவருக்கு ரஸ்ட் ஒரு வரி தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. ரிசல்ட் வகையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கம் அது சாதாரண எக்ஸெப்ஷனாகப் போகிறது, டிரை-கேட்ச் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். இதுவும் எனக்குப் பிடித்தது.

அப்புறம் வாஸ்ம்-பேக்கின் டார்கெட் விஷயம், மேலே சொன்ன கம்பைல் டார்கெட் வேறு. பில்ட் செய்யும்போது பண்ட்லர், வெப், நோட்ஜேஎஸ், நோ-மாட்யூல்ஸ், டீனோ என்று எதற்காகச் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் பண்ட்லர், அதாவது பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் வெப்பேக் போன்ற கருவிகளுக்கானது. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பண்ட்லர் டார்கெட் தரும் கோடு, வாஸ்ம் கோப்பை நேரடியாக இம்போர்ட் செய்வது போல எழுதப்பட்டிருக்கும். வெப்பேக் 5-இல் அதற்கென ஒரு பரிசோதனை அமைப்பை ஆன் செய்ய வேண்டும், வீட் பண்ட்லரில் தனியாக ஒரு பிளக்-இன் போட வேண்டும். எந்தப் பண்ட்லரும் இல்லாமல் வெறும் ஸ்கிரிப்ட் டேக்கில் கூப்பிட்டால் ஓடவே ஓடாது. வெப் டார்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை: இனிட் என்ற ஃபங்ஷனை முதலில் ஒரு முறை கூப்பிட்டு அவெயிட் செய்துவிட்டால் மற்ற எல்லாம் தயார். என்னைக் கேட்டால், பண்ட்லர் வைத்திருந்தாலும் வெப் டார்கெட்டையே எடுங்கள். ஒரு வரி கூடுதலாக எழுதுகிறீர்கள், பதிலுக்கு எப்போது வாஸ்ம் இறங்குகிறது, எப்போது தயாராகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, கோப்பை அனுப்பும் சர்வர் அப்ளிகேஷன்/வாஸ்ம் என்ற மைம் வகையைப் போட்டு அனுப்புகிறதா என்று பாருங்கள். அது தவறாக இருந்தால் இறங்கும்போதே கம்பைல் ஆகும் வசதி போய்விடும், இணைப்புக் கோடு கன்சோலில் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு மெதுவான வழிக்கு மாறிக்கொள்ளும். பக்கம் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

இனி எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிற யாருக்கும் இது வந்தே தீரும். என் லைப்ரரி மாறிய சொல்லின் தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் எண்களாகத் திருப்பித் தரும், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அந்த இடத்துக்கு மஞ்சள் நிறம் பூசும். ஆங்கில ஆவணங்களில் எல்லாச் சோதனையும் தேறியது. தமிழ் ஆவணம் ஒன்றைத் திறந்தால் மஞ்சள் நிறம் சம்பந்தமே இல்லாத சொல்லில் விழுகிறது, வரியின் கடைசிப் பக்கம் போகப் போக இன்னும் தள்ளிப் போகிறது. ரஸ்ட்டில் சரம் (எழுத்துகளின் வரிசை) என்பது யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் இருக்கும், இடங்களை அது பைட்டில் எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் சரம் யுடிஎஃப்-16, அங்கே எண்ணுவது 16 பிட் அலகுகளில். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. யுடிஎஃப்-16-இல் 5 அலகு. ஆக ரஸ்ட் "15-ஆவது இடம்" என்று சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 15-ஆவது அலகு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று சொல் தாண்டிப் போய் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஒரு அலகு என்பதால் தவறு வெளியே தெரியவில்லை.

இதற்கு வாஸ்ம்-பேக்கைக் குறை சொல்ல முடியாது. சரத்தை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் சரியாக மாற்றித் தருவதுதான் இணைப்புக் கோடின் வேலை, அதை அது பிசகாமல் செய்கிறது. நாம் அனுப்பும் எண் எதை எண்ணியது என்று அதற்கு எப்படித் தெரியும்? ரஸ்ட் பக்கத்திலேயே ஒவ்வொரு குறியீட்டுக்கும் லென்-யுடிஎஃப்16 என்ற மெத்தடைக் கூப்பிட்டு, அலகுகளைக் கூட்டிக்கொண்டே போய், வெளியே அனுப்பும் எல்லா இடங்களையும் மாற்றிவிட்டேன். சின்னத் திருத்தம்தான். ஆனால் இதைப் பற்றி ஆவணங்களில் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்! உங்கள் சோதனைத் தரவில் முதல் நாளே ஒரு தமிழ் வரியையும் ஒரு எமோஜியையும் போட்டுவிடுங்கள். பெரும்பாலான எமோஜிகளின் ஒரு குறியீடு யுடிஎஃப்-8-இல் 4 பைட், யுடிஎஃப்-16-இல் 2 அலகு, அதனால் "மூன்றால் வகுத்தால் போதும்" என்ற குறுக்குவழியும் அங்கே உடனே மாட்டிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். கணக்குப் போடும் பகுதி வேகமாகத்தான் ஓடுகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். நேரம் போவது எல்லையைத் தாண்டும் இடத்தில். வெப்அசெம்பிளிக்கு அடிப்படையில் தெரிந்தவை எண்கள் மட்டும்தான். ஒரு சரத்தை அனுப்பினால், வாஸ்மின் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, சரத்தை யுடிஎஃப்-8 ஆக மாற்றி, அங்கே நகல் எடுத்து, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டு எண்களைத்தான் உள்ளே அனுப்புகிறது. நான் முதலில் எழுதியபோது ஒவ்வொரு வரியாக அனுப்பி ஒவ்வொரு வரிக்கும் விடை வாங்கினேன், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தாலே வேகமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிற அளவுக்கு மெதுவாக இருந்தது. முழு ஆவணத்தையும் ஒரே முறை அனுப்பி, மாறிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரே எண் வரிசையாக, 32 பிட் எண்களின் வெக்டராகத் திருப்பி வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்தப் பக்கம் அது யுஇன்ட்32-அரே ஆக வருகிறது, இரண்டிரண்டாக எடுத்தால் தொடக்கமும் முடிவும். அழகான ஆப்ஜெக்ட்டாக இல்லைதான், ஆனால் பத்தாயிரம் சின்ன ஆப்ஜெக்ட்டுகளை எல்லை தாண்டி உருவாக்குவதைவிட எவ்வளவோ மேல். ஒரு சின்ன விஷயம், 64 பிட் எண்ணாக அனுப்பாதீர்கள். அது பிக்இன்ட்டாகப் போய்ச் சேரும், சாதாரண எண்ணோடு கூட்டினால் டைப் எரர்.

நினைவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாஸ்மின் நினைவகம் 64 கிலோபைட் பக்கங்களாக வளரும், 32 பிட் முகவரி என்பதால் அதிகபட்சம் 4 ஜிபி வரை போகும், ஆனால் வளர்ந்தது சுருங்காது. ஒருவர் மிகப் பெரிய ஆவணம் ஒன்றைத் திறந்து மூடினார் என்றால், ரஸ்ட் பக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காக விடுவித்திருந்தாலும் அந்த டேப் பிடித்த இடத்தைப் பிடித்தபடியே இருக்கும். அதோடு ஒப்பீடு ஓடி முடியும் வரை பக்கம் உறைந்து நிற்கும், ஸ்க்ரோல் கூட ஆகாது. இரண்டுக்கும் ஒரே தீர்வு, பக்கத்தைத் தடுக்காமல் பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கர். ஒப்பீட்டை வொர்க்கருக்குள் ஓட்டுகிறேன், பெரிய ஆவணம் முடிந்ததும் வொர்க்கரையே மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கிறேன். நினைவகம் திரும்பக் கிடைக்கிறது, பக்கமும் உறைவதில்லை. வாஸ்ம்-பேக் இதற்கென்று தனியாக எதுவும் செய்து தராது, வொர்க்கர் கோப்பை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும், வெப் டார்கெட்டில் அது பத்துப் பதினைந்து வரி. ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட் வைத்து ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது வேறு கதை. அதற்கு நைட்லி (சோதனை வெளியீட்டு) கம்பைலர், ஸ்டாண்டர்டு லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்வது, பக்கத்தை அனுப்பும் சர்வரில் தனிமைப்படுத்தும் ஹெட்டர்கள் இரண்டு என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. நான் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், என் வேலைக்கு அது தேவைப்படவில்லை.

ரஸ்ட் ஸ்ட்ரக்ட்டை வெளியே கொடுத்தால் அது ஜாவாஸ்கிரிப்ட்டில் கிளாஸாக வருகிறது. பார்க்க அருமை. ஆனால் அதற்குள் இருப்பது வாஸ்ம் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் ஒரு பாயின்டர் மட்டுமே, வேலை முடிந்ததும் ஃப்ரீ என்ற மெத்தடைக் கூப்பிடுவது உங்கள் பொறுப்பு. குப்பை சேகரிப்பான் வரும்போது தானாக விடுவிக்கும் ஏற்பாடும் இப்போது இருக்கிறது, ஆனால் அது எப்போது வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. இன்னொன்று, ஸ்ட்ரக்ட்டை மாற்றும் ஒரு அசிங்க் மெத்தடை எழுதி பட்டனோடு இணைத்திருந்தேன். பயன்படுத்துகிறவர் பட்டனை வேகமாக இரண்டு முறை அழுத்தியதும், ஒரு ஆப்ஜெக்ட் தனக்குள்ளேயே மறுபடி பயன்படுத்தப்படுகிறது என்று ஒரு பிழை. ரஸ்ட்டின் கடன் விதி (ஒரு தரவை ஒரே நேரத்தில் ஒருவர்தான் மாற்றலாம் என்பது) எல்லையைத் தாண்டியும் காவல் காக்கிறது என்று பிறகு புரிந்தது: முதல் அழைப்பு முடியும் வரை அந்த ஸ்ட்ரக்ட்டை அது பிடித்து வைத்திருக்கிறது, இரண்டாவது அழைப்புக்கு இடமில்லை. அசிங்க் மெத்தடுகளில் மாற்றக்கூடிய செல்ஃப் எடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ரஸ்ட் கோட் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றுபோனால், என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தெரியாது. "அன்ரீச்சபிள்" என்று ஒரு சொல், கீழே வாஸ்ம் ஃபங்ஷன் எண்கள். கன்சோல்-எரர்-பேனிக்-ஹுக் என்ற கிரேட்டைச் சேர்த்து, தொடக்கத்தில் ஒரு முறை கூப்பிட்டுவிடுங்கள், கோப்புப் பெயர், வரி எண்ணோடு கன்சோலில் செய்தி வரும். இதைச் சேர்க்காமல் பிரவுசரில் ரஸ்ட் எழுதவே கூடாது என்பேன்.

கம்பைல் ஆகிறது, ஆனால் ஓடும்போது சாகிறது என்ற வகையில் இன்னும் சில இருக்கின்றன. டார்கெட் பெயரில் இரண்டு முறை அன்நோன் என்று வருவதே, கீழே என்ன இயங்குதளம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது என்பதால்தான். அதனால் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் இன்ஸ்டன்ட் நவ் கூப்பிட்டால் பேனிக், த்ரெட் ஸ்பான் தோல்வி, கோப்பைத் திறந்தால் பிழை. நேரத்துக்கு வெப்-டைம் கிரேட் இருக்கிறது. ரேண்டம் எண்ணுக்கு கெட்ரேண்டம் கிரேட், அது மட்டும் கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும், அந்த வகையில் நல்லது. அதன் 0.2 வெர்ஷனில் ஜேஎஸ் என்ற ஃபீச்சரை ஆன் செய்தால் போதும். 0.3-இல் ஃபீச்சரின் பெயரும் மாறிவிட்டது, அதன் தொடக்க வெர்ஷன்களில் கூடவே கம்பைலர் கொடியாக ஒரு அமைப்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கோடில் ரேண்டமே இல்லாவிட்டாலும் ஹாஷ், யுயுஐடி என்று ஏதாவது ஒரு கிரேட்டின் வழியாக அது உள்ளே வந்துவிடும், கார்கோ ட்ரீ ஓட்டி யார் கூட்டி வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாதம் ரஸ்ட் 1.87 வந்தபோது நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெர்ஷனில் கீழே இருக்கும் எல்எல்விஎம் (ரஸ்ட் கம்பைலர் கடைசிக் கோடை உருவாக்கப் பயன்படுத்தும் தொகுப்பு) 20 ஆனது, அதோடு வெப்அசெம்பிளியின் பல்க் மெமரி (பெரிய நினைவகப் பகுதியை ஒரே கட்டளையில் நகலெடுக்கும்) கட்டளைகள் தானாகவே ஆன் ஆகிவிட்டன. எல்லாப் பிரவுசரும் அவற்றைப் பல ஆண்டுகளாகப் புரிந்துகொள்கின்றன, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் வாஸ்ம்-பேக் இறக்கி வைத்திருந்த பழைய வாஸ்ம்-ஆப்ட், இந்தக் கட்டளை அனுமதிக்கப்படவில்லை என்று சொல்லி பில்டை நிறுத்தியது. நான் கோடில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ரஸ்டப் அப்டேட் மட்டும்தான் செய்தேன். கார்கோ டோமல் கோப்பில் வாஸ்ம்-பேக்குக்கான ரிலீஸ் பகுதியில், வாஸ்ம்-ஆப்ட்டுக்கு பல்க் மெமரியையும் அதோடு வந்த மிதவைப்புள்ளி மாற்றக் கட்டளைகளையும் அனுமதிக்கும் கொடிகளை எழுதிவிட்டால் சரியாகிவிடும். புதிய பைனரியனை நீங்களே நிறுவி வைத்தாலும் ஆகும், கணினி கட்டளைகளைத் தேடும் பாத்தில் ஒன்று இருந்தால் வாஸ்ம்-பேக் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. உள்ளே மூன்று படி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை. தெரியாதவர் ரஸ்ட் வெர்ஷனைப் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, அப்படியே மாதக் கணக்கில் இருந்துவிடுவார்.

கோப்பின் அளவு. ரிலீஸ் புரொஃபைலில் ஆப்ட்-லெவலை எஸ் அல்லது இசட் என்று வைத்து, எல்டிஓ (இணைக்கும் கட்டத்தில் செய்யும் மேம்படுத்தல்) ஆன் செய்து, கோட்ஜென் யூனிட்டை 1 ஆக்கினால் நன்றாகவே சுருங்கும். எஸ், இசட் இரண்டையும் போட்டுப் பாருங்கள், எப்போதும் இசட்தான் சின்னதாக வரும் என்று இல்லை. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க ட்விக்கி என்ற கருவி உதவும், என் விஷயத்தில் ரெஜெக்ஸ் கிரேட்தான் பெரும்பகுதி, அதைத் தூக்கிவிட்டுக் கையால் எழுதினேன். பழைய பாடங்களில் வீ-அலாக் என்ற நினைவக ஒதுக்கீட்டுக் கிரேட்டைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். சேர்க்காதீர்கள். அதைப் பராமரிக்க ஆள் இல்லை, நினைவகக் கசிவும் தெரிந்த விஷயம், ரஸ்ட்டின் பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியலில் 2022-லேயே சேர்த்துவிட்டார்கள்.

சரி, சர்வர். நோட் ஜேஎஸ் சர்வராக இருந்தால் நோட்ஜேஎஸ் டார்கெட்டை எடுத்தால் முடிந்தது, காமன்ஜேஎஸ் பாணியில் ரிக்வயர் செய்தவுடன் தயார், இனிட் கூட வேண்டாம். நேட்டிவ் ஆட்-ஆன் எழுதினால் லினக்ஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, ஏஆர்எம் என்றால் இன்னொன்று என்று பில்ட் செய்துகொண்டே இருக்க வேண்டும், இங்கே ஒரே கோப்பு எல்லா இடத்திலும் ஓடுகிறது. எனக்கு இதுவே போதுமான காரணம்.

ஆனால் பிரவுசருக்கும் நோடுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜாக வெளியிட வேண்டும் என்றால் வாஸ்ம்-பேக் கைவிட்டுவிடுகிறது. ஒரு முறை ஓட்டினால் ஒரு டார்கெட். நான் இரண்டு முறை இரண்டு ஃபோல்டருக்குள் பில்ட் செய்து, மேலே ஒரு பேக்கேஜ் ஜேசான் கோப்பைக் கையால் எழுதி, யார் கூப்பிடுகிறார்களோ அதற்கேற்ற ஃபோல்டரைக் காட்டும்படி எக்ஸ்போர்ட்ஸ் பகுதியை அமைத்தேன். வெளியிட்டேன். நிறுவிப் பார்த்தால் பேக்கேஜில் ஜேசான் கோப்பும் ரீட்மீயும் மட்டும் இருக்கின்றன, வாஸ்மும் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட்டும் இல்லை. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். வாஸ்ம்-பேக் தான் உருவாக்கும் ஃபோல்டருக்குள் ஒரு கிட்இக்னோர் கோப்பை வைக்கிறது, அதில் ஒற்றை நட்சத்திரக் குறி, அதாவது எல்லாவற்றையும் ஒதுக்கு. பில்ட் கோப்புகள் கிட்டுக்குள் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் என்பிஎம்மும் அந்தக் கோப்பை மதிக்கிறது. பில்ட் முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் அந்த கிட்இக்னோரை அழிக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்தேன். வெளியிடும் முன் என்பிஎம் பேக் ட்ரை-ரன் ஓட்டிப் பட்டியலைக் கண்ணால் பார்ப்பதையும் அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஜாவாஸ்கிரிப்ட்டே இல்லாத சர்வரில் வாஸ்ம் ஓட வேண்டும் என்றால் வாஸ்ம்-பேக்கை மறந்துவிடுங்கள், அது அந்த வேலைக்கானது இல்லை. அங்கே தேவை வாசி என்ற இடைமுகம், 2019-இல் அறிவிக்கப்பட்டது, கோப்பு, நேரம், ரேண்டம் எண் எல்லாம் அதன் வழியாகக் கிடைக்கும். ரஸ்ட்டில் வாஸ்ம்32-வாசிபி1 டார்கெட்டுக்கு நேராகக் கார்கோ பில்ட் போட்டு, வாஸ்ம்டைம் என்ற இயக்கியில் ஓட்டலாம். பழைய கட்டுரைகளில் வாஸ்ம்32-வாசி என்று இருக்கும், அந்தப் பெயரை 2025 ஜனவரியில் வந்த ரஸ்ட் 1.84-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் அப்படியே நகலெடுத்தால் டார்கெட் இல்லை என்றுதான் வரும். என் கமாண்ட் லைன் கருவியை ஒரு மாற்றமும் இல்லாமல் இதில் கம்பைல் செய்து ஓட்டினேன், முதல் ஓட்டத்தில் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. எந்த ஃபோல்டரைத் தொடலாம் என்று வாஸ்ம்டைமுக்கு டைர் கொடி மூலம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் அது எதையும் காட்டாது. சொன்ன ஃபோல்டரை மட்டும் காட்டியது, அதற்கு மேல் ஒரு படி கூட ஏற விடவில்லை. அடுத்தவர் எழுதிய கோடை உங்கள் சர்வரில் ஓட்ட வேண்டிய நிலை வந்தால் இந்தக் கட்டுப்பாடு பெரிய வரம். உங்கள் சொந்தக் கோட், உங்கள் சொந்த ரஸ்ட் சர்வர் என்றால் வாஸ்ம் எதற்கு, நேட்டிவ்வாகவே கம்பைல் செய்துவிடுங்கள், வேகமும் கூடுதல், வேலையும் குறைவு.

டெஸ்ட் பற்றிச் சுருக்கமாக. வாஸ்ம்-பேக் டெஸ்ட் என்று கொடுத்து நோடிலோ, திரை இல்லாத குரோம், ஃபயர்ஃபாக்ஸிலோ சோதனைகளை ஓட்டலாம். நோடில் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. குரோமில், இறக்கிய டிரைவரின் வெர்ஷனும் கணினியில் உள்ள குரோமின் வெர்ஷனும் ஒத்துப்போகாத நாட்களில் தொங்கிவிடும். உண்மையான பிரவுசரில் ஓடிப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

பராமரிப்பைப் பற்றிக் கவலை இருந்தால் அது நியாயம்தான். இந்தக் கருவிகளை உருவாக்கிய ரஸ்ட் வாஸ்ம் பணிக்குழு இப்போது இல்லை, அதன் கிட்ஹப் அமைப்பையும் மூடப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். வாஸ்ம்-பைண்ட்ஜென் தனி அமைப்பாகப் பிரிந்து தொடர்கிறது, அதுதான் உயிர்நாடி, அது நின்றால்தான் பயப்பட வேண்டும். இப்போது தெரிகிற பாதிப்பு பழைய கையேடுகளில்தான். தேடினால் முதலில் வருவது 2018, 2019-இல் எழுதிய பாடங்கள், வீ-அலாக்கும் பழைய வெப்பேக் அமைப்பும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. அதை வைத்துத் தொடங்குகிற புதியவர் இரண்டு நாளில் சோர்ந்துபோய் ரஸ்ட்டே வேண்டாம் என்று போய்விடுவாரே என்பதுதான் என் வருத்தம்.

லைப்ரரிக்குப் பதிலாக முழு வலைச் செயலியையே ரஸ்ட்டில் எழுதப் போகிறீர்கள் என்றால் ட்ரங்க் என்ற கருவியைப் பாருங்கள், பக்கத்தை உடனே மறுபடி ஏற்றிக் காட்டுவது முதல் ஸ்டைல் கோப்புகள் வரை அதுவே பார்த்துக்கொள்ளும். என்னைப் போல லைப்ரரி செய்து அடுத்தவர் கையில் கொடுக்கிறவர்களுக்கு வாஸ்ம்-பேக்தான். இப்போது என் ஏற்பாடு இதுதான்: ரஸ்ட் வெர்ஷனை டூல்செயின் கோப்பில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன், கார்கோ லாக் கிட்டுக்குள் இருக்கிறது, பைனரியனை நானே நிறுவியிருக்கிறேன், ஒரே ஸ்கிரிப்ட் வெப்புக்கும் நோடுக்கும் இரண்டு முறை பில்ட் செய்து கிட்இக்னோரை அழித்து ட்ரை-ரன் பட்டியலைக் காட்டுகிறது. வெர்ஷன் ஏற்றுவது மாதத்தில் ஒரு நாள், அதுவும் தமிழ் வரியும் எமோஜியும் உள்ள அந்தச் சோதனை இரண்டு பக்கத்திலும் தேறிய பிறகுதான்.